திரையில் எழுத்து கேட்பது சலுகையா?

கேள்வி:

எனக்கு 43 வயது. ஆறு வருடங்களுக்கு முன் இரண்டு காதிலும் கேட்கும் திறன் வேகமாகக் குறைந்துவிட்டது. ஹியரிங் எய்டு போட்டிருக்கிறேன். எதிரே ஒருவர் உட்கார்ந்து பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். தியேட்டரில் முடியவில்லை. சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. பதினைந்து வயது மகள், படம் முழுக்க வசனத்தைத் தன் செல்போனில் தட்டித் தட்டி எனக்குக் காட்டுவாள். போன மாதம் பின்சீட்டில் இருந்தவர், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று அவளைத் திட்டிவிட்டார். அன்றிலிருந்து, "எனக்குத் தலைவலி, நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் என் தங்கை, தியேட்டரில் வசனத்தை எழுத்தாகக் காட்ட வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது என்கிறாள். உண்மையா? இந்தியாவில் அப்படி எதுவும் உண்டா? தியேட்டர் மேலாளரிடம் என் கணவர் கேட்டதற்கு, "மற்றவர்களுக்குத் தொந்தரவு, ஒருவருக்காகச் செய்ய முடியாது" என்றாராம். எனக்கும் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனக்காக ஊரையே மாறச் சொல்வது போலத் தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தங்கை சொன்னது உண்மை. இந்தியாவிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது, விதிமுறையும் வந்துவிட்டது. அவை எவ்வளவு தூரம் உங்களுக்குக் கைகொடுக்கும் என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன், கடிதத்தின் கடைசி வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மாற்றுத்திறனாளிகளின் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராக நான் அதிகம் கேட்ட வரி அது. வழக்கில் ஜெயிக்கக்கூடிய எத்தனையோ பேர் வழக்கே போடாமல் போனதற்குக் காரணமும் அதுதான்.

சினிமா பேசத் தொடங்கும் முன் திரையில் எழுத்து இருந்தது. மௌனப் படங்களில் காட்சிக்கு நடுவே வசனமும் விளக்கமும் அட்டையில் எழுதிக் காட்டப்பட்டன. அந்தக் காலத்தில், காது கேட்காதவரும் கேட்பவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே படத்தை ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள். நம் நாட்டு மௌனப் படங்களில் ஒரே அட்டையில் இரண்டு மூன்று மொழிகளில்கூட எழுதிக் காட்டினார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக அரங்கிலேயே ஒருவர் உரக்கப் படித்துச் சொல்வார். அப்படிப் படித்துச் சொன்னதை யாரும் தொந்தரவு என்று சொல்லித் தடுத்ததாக நான் படித்ததில்லை. 1927ல் அமெரிக்காவில் பேசும் படம் வந்தது, 1931ல் தமிழில் 'காளிதாஸ்' வந்தது. சில வருடங்களில் அட்டைகள் காணாமல் போயின. காது கேட்பவர்களுக்கு அது கொண்டாட்டம். காது கேட்காதவர்களுக்கு அன்று சினிமாவின் கதவு சாத்தப்பட்டது.

எமர்சன் ரொமேரோ என்று ஒரு நடிகர். காது கேட்காதவர், மௌனப் படங்களில் நடித்தவர். பேசும் படம் வந்ததும் வேலை போயிற்று, பார்வையாளராக உட்காரும் உரிமையும் போயிற்று. 1947ல் அவர் படச்சுருள்களை வாங்கி, நடு நடுவே வெட்டி, வசன அட்டைகளைத் தன் கையாலேயே ஒட்டிச் சேர்த்தார். அவற்றைக் காது கேளாதோர் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் அனுப்பினார். அந்த முயற்சியைத் தொடர்ந்து மற்றவர்களும் இறங்க, 1958ல் அமெரிக்க அரசே எழுத்து சேர்த்த படங்களை இரவல் கொடுக்கும் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. ஆகவே நீங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. இருந்ததை எடுத்துவிட்டார்கள், அதைத் திருப்பி வைக்கச் சொல்கிறீர்கள். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

சரி, சட்டத்துக்கு வருவோம். முதலில் சில சொற்களைப் பிரித்துவைத்துக்கொள்ளுங்கள். தியேட்டர்காரர்கள் இவற்றைக் குழப்பித்தான் பெரும்பாலும் தப்பிக்கிறார்கள்.

சப்டைட்டில் என்பது பேச்சை மட்டும் எழுத்தாக்குவது. மொழி தெரியாதவருக்காக உண்டானது, அவருக்குக் காது கேட்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்படுவது. கேப்ஷன் காது கேட்காதவரை நினைத்து எழுதப்படுவது. யார் பேசுகிறார், கதவு தட்டப்படுகிறதா, பக்கத்து அறையில் குழந்தை அழுகிறதா, பாட்டு நின்றுவிட்டதா என்பதெல்லாம் அதில் வரும். தமிழ்ப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் இருந்தால் போதாதா என்று உங்களிடம் கேட்கக்கூடும். போதாது. நீங்கள் உதட்டைப் படிப்பவர். உதடு தமிழில் அசையும்போது கீழே ஆங்கிலம் ஓடினால் இரண்டும் ஒட்டாது. நடிகர் திரும்பி நின்று பேசினால் யார் குரல் என்றும் தெரியாது. தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே கேப்ஷன் வேண்டும் என்று கேட்பதுதான் சரி.

அடுத்தது ஓப்பன் கேப்ஷன், க்ளோஸ்டு கேப்ஷன். ஓப்பன் என்றால் பெரிய திரையிலேயே எல்லோருக்கும் தெரியும்படி எழுத்து வரும். க்ளோஸ்டு என்றால் உங்கள் கையில் கொடுக்கும் கருவியில் மட்டும் வரும். கருவி பல வகை. இருக்கையின் கோப்பை வைக்கும் குழியில் செருகி, வளையும் கம்பியின் நுனியில் சின்னத் திரை தெரிவது ஒன்று. கண்ணாடி போல மாட்டிக்கொள்வது இன்னொன்று.

மூன்றாவதாக ஹெட்போன். "எங்களிடம் வசதி இருக்கிறது" என்று சொல்லி இதை நீட்டுவார்கள். லேசாகக் காது மந்தமானவர்களுக்கு அது பெரிய உதவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் நிலை வேறு. "சத்தம் வருகிறது, சொல் வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே போதும். ஒலியைக் கூட்டினால் பின்னணி இசையும் வெடிச் சத்தமும் சேர்ந்தே கூடும், சொல் தெளியாது. உங்களுக்கு வேண்டியது எழுத்து. கடிதத்திலும் அப்படியே எழுதுங்கள்.

இப்போது உங்கள் தங்கை சொன்ன சட்டங்கள். அமெரிக்காவில் 1990ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் இடங்கள் என்ற பட்டியலில் தியேட்டரையும் வைத்தது. ஆனால் அந்தச் சட்டத்தைப் பரிசீலித்த நாடாளுமன்றக் குழு, ஓப்பன் கேப்ஷன் காட்ட வேண்டும் என்று தியேட்டர்களை இது கட்டாயப்படுத்தாது என்று தன் அறிக்கையில் எழுதிவைத்துவிட்டது. அந்த ஒரு வாக்கியம் தியேட்டர் நிறுவனங்களுக்கு இருபது வருடக் கேடயமாக இருந்தது. 2010ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அரிசோனா வழக்கில் அந்தக் கேடயத்தின் பாதியை உடைத்தது. பெரிய திரையில் காட்டச் சொல்ல முடியாது, ஆனால் கருவியில் காட்டச் சொல்லலாம் என்பது அதன் சாரம். 2016 கடைசியில் அந்நாட்டு அரசின் நீதித்துறை அமைச்சகம் நாடு முழுவதற்கும் விதி கொண்டுவந்தது. கேப்ஷனோடு வரும் டிஜிட்டல் படங்களைக் காட்டும் தியேட்டர், அதைக் காட்டும் கருவியும் வைத்திருக்க வேண்டும். ஒரே அரங்கு என்றால் குறைந்தது 4 கருவிகள். இரண்டிலிருந்து ஏழு அரங்குகளுக்கு 6, எட்டிலிருந்து பதினைந்துக்கு 8, அதற்கு மேல் 12. கருவி ஓடும் நிலையில் இருக்க வேண்டும், அதை எடுத்துக்கொடுக்கவும் இயக்கிக் காட்டவும் தெரிந்த ஊழியர் அங்கே இருக்க வேண்டும், வசதி இருப்பதை விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு. 2018 ஜூன் 2 கடைசி நாள்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கருவியோடு படம் பார்த்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். பாதிப் படத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். பக்கத்து அரங்கின் வசனம் உங்கள் கருவியில் ஓடும். தூரத்துத் திரையையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டு மணி நேரத்தில் கண் களைத்துப்போகும். ஏற்கெனவே மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு அதன் மேல் இன்னொரு கண்ணாடி. வெளிநாட்டில் படித்துவந்த என் கட்சிக்காரர் ஒருவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. கருவி நின்றுபோனதும் வெளியே ஓடி, ஊழியரைத் தேடி, மாற்றிக்கொண்டு வருவதற்குள் கொலைகாரன் யார் என்பதைச் சொல்லிவிட்டார்களாம். டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் கேட்டது பணத்தை அல்ல.

இதனால்தான் அங்கே பலர் பெரிய திரைக்கே திரும்பப் போராடினார்கள். அமெரிக்க மாநிலங்களில் முதலில் வழிவிட்டது ஹவாய். அங்கே 2015ல் நிறைவேறி 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், கேப்ஷனோடு தயாரான ஒவ்வொரு படத்துக்கும் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு காட்சிகளில் பெரிய திரையில் எழுத்து காட்டச் சொன்னது. மிகச் சிறிய உரிமையாளர்களுக்கு விலக்கு கொடுத்தது.

எண்ணிக்கையை மட்டும் சொல்லும் எந்தச் சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கும். இரண்டு காட்சி என்றால், செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒன்று, புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஒன்று என்று வைத்தாலும் கணக்கு சரியாகிவிடும். வேலைக்குப் போகிறவரும் பள்ளிக்குப் போகிற பிள்ளையும் அந்த நேரத்தில் வர முடியுமா? நியூயார்க் நகரம் இதைப் புரிந்துகொண்டு எழுதியது. 2022 மே மாதம் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டம், எழுத்தோடு காட்டும் காட்சிகளில் ஒரு பங்கு வெள்ளிக்கிழமை மாலையிலும் சனி, ஞாயிறிலும் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. எந்தக் காட்சியில் எழுத்து உண்டு என்பதை மற்றக் காட்சி நேரங்களைப் போலவே அறிவிக்கவும் வேண்டும். இந்த வகைச் சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்த நேரக் கணக்குதான். கேப்ஷன் இருக்கிறதா என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. உங்கள் குடும்பம் முழுவதும் சேர்ந்து போகக்கூடிய ஒரு சாயங்காலத்தில் அது இருக்கிறதா என்று அந்தச் சட்டம் கேட்கிறது.

சரி, இந்தியாவில் என்ன இருக்கிறது?

2016ல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19ல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் நம்முடையது. அதன் 42வது பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் எல்லா உள்ளடக்கமும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. க்ளோஸ்டு கேப்ஷன், சைகை மொழி, பார்வையற்றோருக்கான ஒலி விவரிப்பு மூன்றையும் அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் தியேட்டரை நோக்கி அந்தப் பிரிவு நகரவே வருடங்கள் ஆயின. நகர்த்தியது மாற்றுத்திறனாளிகள் சிலர் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடர்ந்த வழக்கு. 2023 ஜனவரி 25ல் 'பதான்' என்ற இந்திப் படம் வெளியாக இருந்தது. ஜனவரி 16ல் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. தியேட்டர் வெளியீட்டுக்கு நாள் மிகக் குறைவாக இருந்ததால் அதை நிறுத்தவில்லை. ஓடிடியில் வரும்போது இந்தியிலேயே கேப்ஷனும் ஒலி விவரிப்பும் சேர்த்து, தணிக்கை வாரியத்திடம் மறுபடி சான்று வாங்கச் சொன்னது. "இந்தியிலேயே" என்பதைக் கவனியுங்கள். தமிழ்ப் படத்துக்குத் தமிழில் வேண்டும் என்று நான் சொன்னதற்கு அது நல்ல துணை.

அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2024 மார்ச் 15ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், தியேட்டரில் திரையிடப்படும் கதைப் படங்களுக்கான அணுகல் விதிமுறைகளை வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்று வாங்கும் படங்கள் ஆறு மாதத்துக்குள் காது கேளாதவர்களுக்கு ஒரு வசதியும் பார்வையற்றவர்களுக்கு ஒரு வசதியும் சேர்க்க வேண்டும். தேசிய விருதுக்கும் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவுக்கும் போகும் படங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் கட்டாயம். மற்ற எல்லாக் கதைப் படங்களுக்கும் இரண்டு வருட அவகாசம். கேப்ஷன் கோப்பைத் தயாரித்துக் கொடுப்பது தயாரிப்பாளர் வேலை, அதை உங்கள் கண்ணுக்குக் கொண்டுவருவது தியேட்டர் வேலை.

தியேட்டர் அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதில்தான் எனக்கு வருத்தம். பெரிய திரையில் காட்டலாம், தனிக் காட்சி வைக்கலாம், கருவி கொடுக்கலாம், செல்போன் செயலி மூலம் செய்யலாம் என்று பல வழிகளைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். எது சுலபமோ அதைத்தான் எவரும் தேர்ந்தெடுப்பார்கள். செயலி என்றால் உங்கள் மகள் வாங்கிய அதே திட்டை இனி நீங்கள் வாங்க நேரலாம், இருட்டில் போன் வெளிச்சம் அதேதானே. நேரத்தைப் பற்றியும் நியூயார்க் போன்ற கணக்கு இங்கே இல்லை. ஆனாலும் இது கையில் இல்லாத காலத்தில் வழக்கு நடத்தியவன் நான். அன்று வெறும் பிரிவை வைத்து வாதாடினோம், இன்று தியேட்டரின் கடமை என்று காட்ட எழுத்திலேயே ஒன்று இருக்கிறது.

"விதிமுறைதானே, சட்டம் இல்லையே" என்று யாராவது சொன்னால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2024 நவம்பர் 8ல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த ஒரு விதி, அதன் தாய்ச் சட்டமான அந்த 2016 சட்டத்துக்கே முரணானது என்று சொல்லிவிட்டது. கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. விரும்பினால் செய்யலாம் என்ற பேச்சுக்கு இனி அவ்வளவு இடம் இல்லை.

மேலாளர் சொன்ன "தொந்தரவு" பற்றியும் பேசிவிடுவோம். வேற்று மொழிப் படத்தைக் கீழே எழுத்தோடு பார்க்கும் கூட்டம் அதே தியேட்டரில் வாரா வாரம் உட்காருகிறது. வீட்டில் ஓடிடி பார்க்கிற பிள்ளைகள், காது நன்றாகக் கேட்டும் எழுத்தைப் போட்டுக்கொண்டுதான் பார்க்கிறார்கள். சிலருக்கு அது பிடிக்காமல் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. அதற்காகத்தான் மேலே சொன்ன எந்தச் சட்டமும் எல்லாக் காட்சிகளிலும் எழுத்து போடு என்று சொல்லவில்லை. எழுத்து வேண்டாதவருக்கு மற்ற எல்லாக் காட்சிகளும் இருக்கின்றன, வேண்டியவருக்கு ஒன்றுகூட இல்லை. எது தொந்தரவு?

"முடியாது" என்றாரே, அதற்கும் பதில் உண்டு. படம் பிலிம் சுருளில் வந்த காலத்தில் எழுத்துள்ள பிரதி என்றால் தனியாக ஒரு பிரதி அச்சிட வேண்டும். அதை ஊர் ஊராகச் சுற்றவிடுவார்கள், உங்கள் ஊருக்கு வருவதற்குள் படம் பழசாகிவிடும். இன்று படம் டிசிபி என்ற டிஜிட்டல் தொகுப்பாக வருகிறது. கேப்ஷன் அதில் ஒரு கோப்பாகச் சேர்ந்து வரலாம், அல்லது எழுத்துள்ள பதிப்பு தனித் தொகுப்பாக வரலாம். வந்திருந்தால், அதைக் காட்சிப் பட்டியலில் சேர்ப்பது புரொஜெக்டர் அறையில் இருப்பவருக்குச் சில நிமிட வேலை. வராவிட்டால் தியேட்டரால் எதுவும் செய்ய முடியாது, அப்போது பந்து தயாரிப்பாளர், விநியோகஸ்தர் பக்கம் இருக்கிறது. ஆகவே முதல் கேள்வி எப்போதும், "இந்தப் படத்துக்குக் கேப்ஷன் கோப்பு வந்திருக்கிறதா?" என்பதாகத்தான் இருக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்டாலே, விஷயம் தெரிந்தவர் கேட்கிறார் என்று எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

உங்கள் கணவர் வாயால் கேட்டார், மேலாளர் வாயால் மறுத்தார். அப்படி ஒன்று நடந்ததற்கு இன்று எந்தச் சாட்சியும் இல்லை. அடுத்த முறை எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலே போதும். நீங்களே கேளுங்கள், உங்கள் பெயரில். கணவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் உரிமை உங்களுடையது. அடுத்து வரப்போகும் படத்துக்குப் பத்து நாள் முன்னால் இப்படி எழுதலாம்:

"எனக்கு இரண்டு காதிலும் கேட்கும் குறைபாடு உள்ளது. ஒலியைக் கூட்டும் ஹெட்போன் எனக்குப் பயன்படாது. வசனமும் ஒலிக் குறிப்பும் எழுத்தாக வேண்டும். இந்தப் படத்துக்குத் தமிழ்க் கேப்ஷன் கோப்பு உங்களுக்கு வந்துள்ளதா? வந்திருந்தால், வெள்ளி மாலை, சனி அல்லது ஞாயிறு ஏதாவது ஒரு காட்சியில் அதைத் திரையில் காட்ட வேண்டுகிறேன். திரையில் முடியாது என்றால், உங்களிடம் என்ன கருவி உள்ளது, எத்தனை உள்ளன, அதை இயக்கத் தெரிந்த ஊழியர் அந்தக் காட்சியில் இருப்பாரா என்று தெரிவியுங்கள். இந்தக் கோரிக்கையை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 42ன் அடிப்படையிலும், 2024 மார்ச் 15 தேதியிட்ட தகவல் ஒலிபரப்பு அமைச்சக விதிமுறைகளின் அடிப்படையிலும் வைக்கிறேன். காட்சிக்கு முன் எழுத்தில் பதில் தர வேண்டும்."

கோபம் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். "தயவுசெய்து எனக்காக ஒருமுறை" என்ற தொனி மட்டும் எங்கும் வந்துவிடக் கூடாது. அப்படி எழுதினால் அவர்கள் அதைச் சலுகையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், அடுத்த படத்துக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கருவி தருகிறோம் என்று பதில் வந்தால் மறுக்காமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். அரை மணி நேரம் முன்னால் போய், விளம்பரம் ஓடும்போதே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரத்துக்கு எழுத்து வராது, ஆனால் பேட்டரி அளவும் எந்த அரங்குக்கு இணைத்திருக்கிறார்கள் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். நடுவில் நின்றால் வெளியே வந்து சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் அன்றைக்கே தேதி, காட்சி நேரம், எத்தனையாவது நிமிடத்தில் நின்றது, யாரிடம் சொன்னீர்கள் என்பதை எழுதி அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்பிவிடுங்கள். டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். சலிப்பான வேலைதான், ஆனால் நீதிமன்றத்தில் எனக்கு உதவுவது இந்தச் சலிப்பான காகிதங்கள்தான்.

பதிலே வராவிட்டால் அல்லது மறுத்தால் இரண்டு கதவுகள். ஒன்று, தியேட்டருக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரி. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர், சென்னையில் காவல் ஆணையர். உரிமத்தைப் புதுப்பிக்கும் கை அது என்பதால் தியேட்டர்காரர்கள் அதை மதிப்பார்கள். இன்னொன்று, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். சாட்சியை அழைக்கவும் ஆவணம் கேட்கவும் ஒரு சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே மனு கொடுக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 89வது பிரிவில் மீறலுக்கு அபராதமும் இருக்கிறது. முதல் முறை 10,000 ரூபாய் வரை, அதற்குப் பிறகு 50,000 ரூபாயிலிருந்து 5 லட்சம் வரை. முதல் கடிதத்திலேயே அபராதத்தை எழுதிப் பயமுறுத்த வேண்டாம். அது கடைசிக்கு இருக்கட்டும்.

அடையாள அட்டை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தியேட்டரில் கேட்பார்கள். 40 சதவீதக் குறைபாடு, சான்றிதழ் என்பதெல்லாம் இடஒதுக்கீடு போன்றவற்றுக்கான அளவுகோல். 42வது பிரிவு அப்படி எந்தச் சதவீதத்தையும் போடவில்லை. இருந்தாலும், பேச்சு அலைவரிசையில் இரண்டு காதிலும் 60 டெசிபெல் இழப்பைத் தொட்டவரைச் சட்டம் கேட்கும் குறைபாடு உள்ளவர் என்றும், 70 டெசிபெல்லைத் தொட்டவரைக் காது கேளாதவர் என்றும் வகைப்படுத்துகிறது. உங்கள் ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் அளவைச் சோதித்த தாளில் அந்த எண் இருக்கும். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையை இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். வாதத்தை ஒரு நிமிடத்தில் முடித்துவைக்கும் அட்டை அது.

இன்னொன்று. "ஒருவருக்காகச் செய்ய முடியாது" என்ற பேச்சு, ஒருவர் மட்டும் கேட்கும் வரைதான் எடுபடும். உங்கள் ஹியரிங் எய்டைச் சரிபார்க்கும் ஆடியாலஜிஸ்டிடம் சொல்லிப் பாருங்கள். அவரிடம் வருகிறவர்களில் தலைவலி என்று சொல்லி வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். காது மந்தமான பெரியவர்களும் அதில் அடக்கம். அவர்களில் பலர் தங்களை மாற்றுத்திறனாளி என்று நினைப்பதே இல்லை. பதினைந்து இருபது பேர் சேர்ந்து, "ஞாயிறு மாலைக் காட்சிக்கு எழுத்தோடு காட்டினால் நாங்கள் குடும்பத்தோடு வருகிறோம்" என்று எழுதினால், அது சட்டக் கடிதமாகவும் இருக்கும், தியேட்டருக்கு வியாபாரமாகவும் இருக்கும். மேலாளருக்கு மேலிடத்தில் காட்ட ஒரு காரணமும் கிடைத்துவிடும்.

உங்கள் மகளைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தனை நாள் அவள் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டாள். தட்டச்சு செய்யும்போது கண் போனில் இருந்திருக்கும். கேப்ஷன் திரையில் வந்தால் உங்களோடு சேர்த்து அவளுக்கும் படம் திரும்பக் கிடைக்கும். கடிதத்தைத் தட்டச்சு செய்ய அவளைக் கூப்பிடுங்கள், அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அனுப்பியதும் ஒரு நகலை எனக்கும் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் ஆட்சியருக்கும் ஆணையருக்கும் போக வேண்டிய மனுவை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்